நீ சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் சொன்னாள்

மகனே,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். அறையில் உன்னோடு இன்னும் சிலர் இருக்கிறார்களாம், அதில் ஒருவர் லால்குடிக்காரராம், சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லையாம். சரி. நான் ஏன் விமான நிலையத்துக்கு வரவில்லை என்று உன் சித்தி கேட்டதற்கு, அம்மாவுக்கு முட்டி வலி, நிற்க முடியாது என்று சொன்னாயாம். எனக்கு முட்டி வலியெல்லாம் ஒன்றுமில்லை. காலமெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற கால் இது, இன்னும் நிற்கும். அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் கூசாமல் ஒரு காரணம் சொல்லிவிட்டு விமானம் ஏறியிருக்கிறாய். வெளிநாடு போகிற பிள்ளையை வழியனுப்ப வராத அம்மா என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். பேசட்டும்.

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் படித்துவிட்டதாக நீலக் கோடு விழுகிறது, அதோடு சரி. அப்பா போனில் பேசும்போது மட்டும் சிரிப்பும் கும்மாளமுமாகப் பேசுகிறாய். நான் பக்கத்தில் வந்தால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். மானம் போகும் என்பாய். போகட்டும், என்னுடையதும் கூடவே போகிறது. படிக்கிறவர்களில் பள்ளிப் பிள்ளைகளை வேலைப் பயிற்சிக்கு அனுப்புகிற டீச்சர்கள் இருப்பார்கள், அந்தப் பிள்ளைகளை வாங்கி வேலை பழக்குகிற உன்னைப் போன்ற மேனேஜர்களும் இருப்பார்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் மாற்றி, வளர்மதி என்று எழுதுகிறேன். அவள் பெயர் ஏற்கெனவே போதுமான அளவு கெட்டுவிட்டது.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் டீச்சராக இருந்து இந்த வருஷம்தான் ஓய்வு பெற்றேன். தொழிற்பிரிவு வந்தபோது அதுவும் என் தலையில்தான் விழுந்தது. சரக்கை எப்படி வாங்குவது, எப்படி வைப்பது, பில் எப்படிப் போடுவது, வந்தவரிடம் எப்படிப் பேசுவது, ஒருமுறை வந்தவர் ஏன் மறுமுறை வருவதில்லை, இதெல்லாம்தான் பாடம். பாடத்தோடு வேலைப் பயிற்சியும் உண்டு. பிளஸ் ஒன் பிள்ளைகளை மதியத்துக்கு மேல் மருந்துக்கடை, அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ், சூப்பர் மார்க்கெட் என்று அனுப்புவோம். தெருத்தெருவாக நடந்து இடம் பிடிப்பது என் பாடு. பாதி இடங்களில் பிள்ளைகளை டீ வாங்கி வரவும் பெட்டி தூக்கவும்தான் விடுவார்கள். நான் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவேன். ஆனாலும் அந்தப் பயிற்சியை நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். வீட்டில் யாருமே ஆபீஸ் படி ஏறியிராத ஒரு பிள்ளை, அடித்த போனை எடுத்து ‘வணக்கம், சொல்லுங்க’ என்று முதல் தடவை சொல்லும்போது அதன் முகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நான் பார்த்திருக்கிறேன்.

வளர்மதி உப்பிலியபுரம் பக்கத்துப் பெண். மரவள்ளியும் சின்ன வெங்காயமும் போடுகிற வீடு. இங்கே மாணவியர் விடுதியில் தங்கிப் படித்தாள். சனிக்கிழமை துறையூர் பஸ் பிடித்து ஊருக்குப் போய், திங்கட்கிழமை தூக்கக் கலக்கத்தோடு வகுப்புக்கு வருவாள். வந்த புதிதில் அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். பள்ளியில் பிள்ளைகளே கடை போடுகிற நாளில் அவளைப் பிடித்துச் சுண்டல் கடையில் நிறுத்தினேன். ஹெச்.எம். வந்து ஒரு வாய் போட்டுவிட்டு, உப்பு தூக்கலாக இருக்கிறதே என்றார். கூட நின்ற பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். இவள் மட்டும், ஆமாம் சார், தூக்கல்தான், வெங்காயம் கொஞ்சம் கூடப் போட்டுத் தருகிறேன், சரியாகிவிடும் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு பொட்டலம் வாங்கினார். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. குறையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு வழியும் சொல்லி விற்கிற வாயை நான் அதுவரை எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. இந்தப் பெண் எங்கேயோ போகப் போகிறாள் என்று வீட்டில் வந்து சொன்னேன். நீ அப்போது மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து, எங்க ஆபீஸுக்கு அனுப்பும்மா என்றாய்.

உன் ஆபீஸ் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. நர்சிங் உதவியாளர், லேப் டெக்னீஷியன் என்று ஒரு வருஷப் படிப்புகள் நடத்துகிற பயிற்சி நிலையம். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் பெரிய போர்டு. நீ அங்கே அட்மிஷன் மேனேஜர். பெண் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புகிற டீச்சருக்கு ஒரே கவலைதான், இடம் பத்திரமா என்பது. அதற்கு முந்தின வருஷம் ஒரு கடையில் ஒருவன் ஏடாகூடமாகப் பேசி, ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். அதிலிருந்து எனக்கு ஒரு பயம். என் பிள்ளை இருக்கிற இடத்தைவிடப் பத்திரமான இடம் ஏது என்று நினைத்துவிட்டேன். மற்ற இடங்களுக்குப் போனால் உரிமம் எங்கே, பதிவு எங்கே என்று குடைந்தெடுப்பேன். உன் ஆபீஸில் கேமரா இருக்கிறதா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்தேன். உள்ளே விற்கிற படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வணிகவியல் டீச்சராம்! பெற்ற பிள்ளையிடம் போய் இதையெல்லாம் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

உன் வாய்ச் சாமர்த்தியத்தில் எனக்கு எப்போதுமே பெருமைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாவது படிக்கும்போது வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நீயும் உன் கூட்டாளிகளும் தண்ணீர் பாட்டில் விற்றீர்களே, நினைவிருக்கிறதா? வரிசையில் நின்றவர்களிடம், இதற்கு மேல் போனால் தண்ணீரே கிடைக்காது என்று சொல்லி விற்றாய். அடுத்த திருப்பத்திலேயே இலவசத் தண்ணீர்ப் பந்தல் இருந்தது. எல்லா பாட்டிலும் தீர்ந்துவிட்டது என்று நீ குதித்துக்கொண்டு வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். அப்பா மட்டும், அங்கே தண்ணீர் இருப்பது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டார். சின்னப் பிள்ளையைப் போய் இப்படியா கேட்பது என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

வளர்மதி உன் ஆபீஸுக்குப் போக ஆரம்பித்த பிறகு ஆளே மாறிப்போனாள். வகுப்பில் கையைத் தூக்கினாள். போன் வந்தால் எப்படி எடுப்பது என்று மற்றப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டினாள். டீச்சர் பையன்தான் சொல்லிக்கொடுத்தார் என்று உன்னைப் பற்றிப் பேச்சுக்குப் பேச்சு சொல்வாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சனிக்கிழமைகளில் ஊரில் போய் ஃபீல்டு வொர்க் செய்கிறாள் என்று நீ சொன்னாய், நல்லது என்றேன். அந்தக் கோடையில் அவள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் பிளஸ் டூ முடித்த ஏழு பெண்கள் உன் நிலையத்தில் சேர்ந்தார்கள். ஏழு பேரில் ஒருத்தி அவளுடைய சொந்த அக்கா. எப்படிச் சேர்ந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. படிப்பை முடித்த அந்தப் பெண்கள் திருச்சியில் ஒரு மருத்துவமனைக்கு வேலை கேட்டுப் போனார்கள். சான்றிதழை வாங்கிப் பார்த்தவர், இது செல்லாது, இந்த இடத்துக்கு அங்கீகாரமே கிடையாது என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு இரண்டு இடங்களில் கேட்டார்கள், அதே பதில். உங்கள் மாடிக்கு ஓடி வந்தால் போர்டு இல்லை, கதவில் பூட்டு. முதலாளியின் போன் அணைத்துக் கிடந்தது. நீ அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே, அங்கே சரிப்பட்டு வரவில்லை, வேறு வேலை பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டிருந்தாய். பெற்றவர்கள் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார்கள், அது ஒரு பக்கம் நடக்கிறது. வெங்காயக் காட்டைக் குத்தகைக்கு விட்டுப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். அஞ்சலை என்பவரின் பெண் இப்போது நூல் மில்லுக்கு வேன் ஏறிப் போகிறாள்.

எனக்கு இதெல்லாம் தெரியவந்ததே வளர்மதி கல்லூரிக்கு வராததால்தான். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். பி.காம். இடம் கிடைத்திருந்தது. சேர்க்கை அன்று நான் கல்லூரி வாசலில் போய் நின்றேன், அவள் வரவில்லை. போன் போட்டால் அவள் அப்பா எடுத்து, பொண்ணு இனிமே படிக்காதுங்க டீச்சர் என்று வைத்துவிட்டார். மறுநாளே பஸ் ஏறிப் போனேன். வீட்டுக்கு முன்னால் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்ப்பதில்லை என்று அவள் அம்மா சொல்லி அழுதார். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு ஊர்ப் பெண்களைக் குழியில் தள்ளிவிட்டாள் என்று ஊரே பேசுகிறதாம். வாங்கியிருந்தால் சொந்த அக்காவைச் சேர்ப்பாளா என்று நான் கேட்டேன். அக்கா சேர்ந்தால்தானே ஊர் நம்பும், அதற்காகத்தான் சேர்த்தாள் என்கிறார்களாம். இதற்கு என்ன பதில் சொல்வாய்? நீதான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் ஆயிற்றே.

அன்றைக்குத்தான் நீ நடத்திய பயிற்சி என்ன என்று அவள் வாயால் கேட்டேன். நர்சுகள் போடுகிற மாதிரி ஒரு வெள்ளைக் கோட்டை நீ அவள் பள்ளிப் பையில் மடித்து வைத்து அனுப்பியிருக்கிறாய். சனிக்கிழமையானாலும் சீருடையிலேயே போ, அப்போதுதான் நம்புவார்கள் என்றிருக்கிறாய். அப்பாக்களிடம் பேசாதே, ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அம்மா அடுப்படியில் இருக்கிற நேரமாகப் போ, பெண்ணுக்குக் கோட்டைப் போட்டுவிடு, அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டு. போனில் படம் எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இரு, மிச்சத்தை அம்மாவே பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அஞ்சலை கரி படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு அந்தக் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். பெரிய கடைவீதி ஜவுளிக்கடைகளில் சேலையைக் கையில் கொடுக்க மாட்டார்கள், தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்துவார்கள், போட்டுப் பார்த்த பிறகு கழற்றி வைக்க மனசு வராது என்று வகுப்பில் சொல்வேன். வீட்டில் சாப்பிடும்போது உனக்கும் சொல்லியிருக்கிறேன். நான் சேலைக்குச் சொன்னதை நீ பிள்ளைகளின் வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டாய்.

அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஊரில் ஒருவர் கேட்டிருக்கிறார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைச் சொல்லாமல், கேட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை உன்னிடம் வந்து கேட்டிருக்கிறாள். இருக்கு என்று நீ சொல்லியிருக்கிறாய். அடுத்த சனிக்கிழமை அவள் போய் இருக்கு என்று சொல்லியிருக்கிறாள். எங்க டீச்சரோட பையன் சொன்னார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். அவள் செய்த குற்றம் இவ்வளவுதான். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “எனக்குத் தெரியாது டீச்சர். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. தெரிஞ்சவங்க வந்து சொன்னாத்தான் நம்புவாங்க.”

அதை நானே சொல்லிப் பார்த்தேன். அஞ்சலையையும் வேறு இரண்டு பெண்களின் அம்மாக்களையும் அங்கேயே கூப்பிட்டு, இவளுக்கு எதுவும் தெரியாது, கமிஷனும் வாங்கவில்லை, பயிற்சிக்கு அனுப்பியது நான் என்றேன். அஞ்சலை பொறுமையாகக் கேட்டார். “டீச்சர், நீங்க இவளுக்கு டீச்சர், அவருக்கு அம்மா. நீங்க சொல்றதை நாங்க எப்படிங்க எடுத்துக்கறது? அவரை வரச் சொல்லுங்க.” அவர் கேட்டது நியாயம். அந்த மாடியில் என்ன நடந்தது என்று உள்ளேயிருந்து பார்த்தவன் நீ ஒருவன்தான். உன் முதலாளி எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. நீ வந்து நின்று சொன்னால் ஒழிய அவள் தலையை நிமிர்த்த முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே கேட்டேன். நீ முதலில் மழுப்பினாய். அப்ளை பண்ணியிருந்தோம், வந்துவிடும் என்று முதலாளி சொன்னார், எல்லா இடத்திலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்றாய். நான் அடுப்பை அணைத்துவிட்டு உன் எதிரில் வந்து உட்கார்ந்தேன்.

“அவகிட்ட இருக்குன்னு சொன்னியா, வந்துரும்னு சொன்னியா?”

நீ தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாய்.

“இருக்குன்னுதாம்மா சொன்னேன். வந்துரும்னு சொன்னா யாரு சேருவா?”

பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்பார்களே, அது சும்மா பேச்சுக்குச் சொல்வது என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்பா ஹாலில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் தனி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எத்தனை பயிற்சிப் பையன்களுக்கு வேலை பழக்கியிருப்பார்! பையன் ஒரு வேலையைக் கெடுத்துவிட்டால், பழக்கியவர்தான் முதலில் ஃபோர்மேன் முன்னால் போய் நிற்கவேண்டும் என்பது அவருடைய பழக்கம். ஒருமுறை அப்படிப் போய் நின்று, வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போய், வீட்டில் என்னிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஊரார் பிள்ளைகளுக்காக அப்படி நின்றவர், சொந்தப் பிள்ளையிடம் நீயும் போய் நில் என்று சொல்லவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். அந்தப் போலீஸ் கேஸில் அவன் பெயரும் வந்துவிட்டால் வெளிநாட்டு வேலை போய்விடுமே என்றார். அவரை நான் திட்டினேன். ஆனால் திட்டும்போதே ஒன்று தெரிந்தது, அந்த நினைப்பு எனக்கும் ஓரமாக இருந்தது.

நீ ஒத்துக்கொண்டாய், அதையும் மறைக்கவில்லை. அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன், அவளுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன் என்று நீயாகத்தான் சொன்னாய். நான் அவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வளர்மதியின் அம்மா, சமைச்சு வைக்கவா டீச்சர், உங்க பையன் சாப்பிடுவாரா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சத்திரத்தில் துறையூர் பஸ் நிற்கிற இடத்தில் உனக்காக நின்றேன். வண்டியை ரிப்பேருக்கு விட்டுவிட்டு வருகிறேன் என்றாய். அப்புறம், அடுத்த பஸ்ஸுக்கு வருகிறேன் என்றாய். அப்புறம் போன் அணைந்துவிட்டது. பஸ்கள் வந்தன, போயின. நடத்துநர் ஒருவர், ஏறலையாம்மா என்று கேட்டார், நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்குத் திரும்பினால் நீ நண்பன் வீட்டுக்குப் போய்விட்டதாக அப்பா சொன்னார். அந்த வாரமே உனக்கு விசா வந்தது. வீட்டில் யாரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. நீ பெட்டி வாங்கினாய், முறுக்கும் பருப்புப் பொடியும் கேட்டாய். நான் முறுக்கும் சுட்டேன், பொடியும் இடித்தேன். என்ன பிறவியோ நான்.

நீ கிளம்புகிற அன்று காலையில், எங்கே போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். கடைசி நிமிஷத்தில் கூட வருவாய் என்று ஒரு நப்பாசை. மாலையில்தானே விமானம், போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நீ கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே, பார்த்துப் போயிட்டு வாம்மா என்றாய்.

வளர்மதி ஊரில் நான் தனியாக இறங்கியதைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அஞ்சலையும் மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். இந்த முறை ஒன்றையும் பூசி மெழுகவில்லை. என் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் இந்தப் பெண்ணிடம் பொய் சொன்னான், என்னிடம் ஒப்புக்கொண்டான் என்று சொன்னேன். இதே வார்த்தையைப் போலீஸில் வந்தும் சொல்வேன் என்றேன். யாரும் சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்போது அஞ்சலை, அவரு எங்கங்க என்று கேட்டார். இன்றைக்குச் சாயங்காலம் வெளிநாடு போகிறான், வேலைக்கு என்றேன்.

“அப்ப உங்க பிள்ளைக்கு வேலை கெடைச்சிருச்சு.”

அஞ்சலை குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டதைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, எழுந்து சேலையை உதறிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளர்மதி உள்ளேயிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நான் குடித்து முடிக்கும் வரை நின்றாள். “டீச்சர், இனிமே வராதீங்க. நீங்க வந்துட்டுப் போனா இன்னும் பேசறாங்க.” சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அம்மாதான் பஸ் வரைக்கும் வந்தார். பிள்ளை யாரிடமும் பேசுவதில்லை, உங்களிடம் பேசினாளே, அதுவே பெரிசு என்றார்.

துறையூரில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அப்பா போன் செய்தார். பையன் உள்ளே போய்விட்டான், நீ வந்திருக்கலாம் என்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. நான் பெற்ற ஒரே பிள்ளை கடல் கடந்து போகிறது, ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

அங்கேயும் உனக்கு விற்பனை வேலைதான் என்றார் அப்பா. நன்றாகச் செய்வாய், சந்தேகமில்லை. நாளைக்கு உனக்குக் கீழேயும் யாராவது வேலை பழக வருவார்கள். ஊரை விட்டு வந்த பிள்ளையாக இருக்கும், நீ சொல்வதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். பெரியவர்கள் உன்னிடம் ஏமாந்தால் அவர்கள் உன்னைத் திட்டுவார்கள். வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குத் தங்களைத் திட்டிக்கொள்ள மட்டும்தான் தெரியும். வளர்மதி உன்னைப் பற்றி இன்று வரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அவர் சொன்னதை நான்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லையோ என்னவோ என்று அவள் அம்மாவிடம் சொன்னாளாம்.

இதைப் படித்துவிட்டு யாராவது உன்னைத் தேடினால் தேடட்டும். கேஸ் வந்தால் நடத்துவோம், அதற்கு நான் கூட வருவேன், வக்கீல் வைப்பேன், கோர்ட் வாசலில் நிற்பேன். பெற்றவள் செய்யவேண்டியதைச் செய்வேன். ஆனால் அந்தப் பெண்ணை அந்த அறையில் உட்கார வைத்துவிட்டு நீ நன்றாக இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதல் லீவில் வருவாய். விமான நிலையத்தில் இறங்கியதும் வீட்டுக்கு வராதே. நேரே உப்பிலியபுரம் போ. அஞ்சலையைக் கூப்பிடு, அந்த ஏழு பேரையும் அவர்கள் வீட்டாரையும் கூப்பிடு. வளர்மதியை வெளியே வரச் சொல். அவள் முன்னால், எனக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது என்று சொல். அவர்கள் செருப்பைக் கழற்றினால் வாங்கிக்கொள். அதன் பிறகு வீட்டுக்கு வா.

அதைச் செய்யாமல் வந்தால் அப்பா கதவைத் திறப்பார், எனக்குத் தெரியும். உன் அறையைச் சுத்தம் செய்து வைப்பார், கறி வாங்கி வருவார். நான் சமைப்பேன், பரிமாறுவேன், உன் துணியைக்கூடத் துவைத்துப் போடுவேன். ஆனால் அந்தப் பெண் வெளியே வந்து ஊரில் நாலு பேரோடு பேசுகிற வரைக்கும் நான் உன்னோடு பேச மாட்டேன்.

உன் அம்மா